நர்ஸம்மாவிடம் எப்படிக் கேட்பது?

நான் எடுத்த முதல் கணக்கெடுப்பின்படி அந்த வட்டாரத்தில் ஒரு கிராம சுகாதார செவிலியருக்குக்கூட மன உளைச்சல் கிடையாது. நாற்பது படிவம் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் நாற்பதும் திரும்பி வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் 'ஒருபோதும் இல்லை' என்ற முதல் கட்டத்தில் டிக். சிலர் கேள்விக்குக் கேள்வி டிக் போடக்கூட மெனக்கெடவில்லை. மேலிருந்து கீழே ஒரே கோடு.

எங்கே கொடுத்தேன் தெரியுமா? மாதாந்திர ரிவியூ கூட்டத்தில். முன்வரிசையில் மருத்துவ அலுவலர் உட்கார்ந்திருந்தார். படிவங்களை வாங்கி அடுக்கி என்னிடம் கொடுத்தவர் அவர்களுடைய மேற்பார்வையாளரான பகுதி சுகாதார செவிலியர். கொடுப்பதற்கு முன் இரண்டு மூன்றைப் புரட்டியும் பார்த்தார். துணை சுகாதார நிலையத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள் நான். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதே கோட்டைத்தான் இழுத்திருப்பேன்.

இப்போது செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். வருடத்துக்கு ஒரு மாணவியாவது, ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களின் மன உளைச்சல், அவர்கள் பிரச்சினைகளைத் தவிர்த்துச் சமாளிக்கும் விதம் என்று ஒரு தலைப்போடு வந்து நிற்பாள். "எந்த ஸ்கேல் மேடம் எடுக்கட்டும்?" என்பதுதான் முதல் கேள்வி. ஸ்கேல் என்றால் மனநிலையை மதிப்பெண்ணாக அளக்கும் கேள்விப் பட்டியல், அளவுகோல். அது அப்புறம். அதற்கு முன் அவளை நான் செய்யச் சொல்வது வேறு.

முதலில் இரண்டு நாள் சும்மா போய் உட்காருங்கள்

தவிர்த்துச் சமாளித்தல் என்றால், ஒரு கஷ்டம் வரும்போது அதையும் அது கிளப்பும் உணர்ச்சியையும் நேராகப் பார்க்காமல் ஒதுங்கிப் போவது. வேறு வேலையில் தலையை நுழைத்துக்கொள்வது, 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று சொல்லிக்கொள்வது, முயற்சியையே கைவிடுவது, குடிப்பது எல்லாம் இதில் அடக்கம். நம் ஊரில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. 'கண்டுக்காதே', 'மனசுல போட்டுக்காதே' என்பதை நாம் அறிவுரையாகச் சொல்கிறோம். நல்லெண்ணத்தோடு சொல்கிறோம். அதனால் தான் தவிர்க்கிறோம் என்பதே செய்பவருக்குத் தெரியாது. சாமர்த்தியமாக இருக்கிறோம் என்றுதான் நினைப்பார்.

ஆகவே ஐந்தாறு பேரிடம் டீ குடித்துக்கொண்டே பேசுங்கள். ஸ்கேலைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். "போன மாசம் எந்த வேலையைத் தள்ளிப் போட்டீங்க? எந்த போனை எடுக்கலை?" என்று கேட்டால் போதும். சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் போனை சைலண்டில் போடுவது, ரிவியூ அன்று பார்த்து உடம்பு சரியில்லாமல் போவது, பார்க்க வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலில் (லைன் லிஸ்ட்) ஆபத்து அதிகமுள்ள 'ஹை ரிஸ்க்' தாயின் பெயரைக் கடைசியில் வைப்பது என்று வரிசையாக வரும்.

என் கதையையே சொல்கிறேன். என் பகுதியில் இரண்டாவது பிரசவத்துக்குப் போன ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். அவளுடைய பிக்மி எண்ணை, அதாவது அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்ணைப் பதிந்தது நான், ஒவ்வொரு மாதமும் ரத்த அழுத்தம் பார்த்தது நான். அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்தத் தெருவுக்குள் நான் கால் வைக்கவில்லை. அந்தத் தெருக் குழந்தைகளைப் புதன்கிழமை தடுப்பூசிக்கு மையத்துக்கே கூட்டி வரும்படி அங்கன்வாடி அக்காவிடம் சொல்லிவிடுவேன். யாரும் விடுபடவில்லை. என் பதிவேட்டில் அந்தத் தெரு நூறு சதவீதம். அப்போது யாராவது அச்சடித்த படிவத்தோடு வந்து என்னைக் கேட்டிருந்தால் 'பிரச்சினையைச் சமாளிக்க நடவடிக்கை எடுத்தேன்' என்ற இடத்தில் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். பொய்யும் இல்லை அது.

இப்படிக் கிடைக்கும் பேச்சைக் குறித்து வைத்துக்கொண்டு, நான்கைந்து உள்ளூர்க் கேள்விகள் தயாரியுங்கள். 'ஒரு வீட்டையோ தெருவையோ தவிர்ப்பதற்காகச் சுற்றிப் போனேன்' என்பது மாதிரி. இவற்றைத் தனியாக வைத்து, தனியாகக் கணக்குப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள அளவுகோலின் மொத்த மதிப்பெண்ணோடு கலந்துவிட்டால் அதை எந்த ஆய்வோடும் ஒப்பிட முடியாமல் போய்விடும்.

உளைச்சலுக்கு எது?

நான் பெரும்பாலும் கே-10 எடுக்கச் சொல்வேன். ரொனால்டு கெஸ்லர் குழு 2002-இல் வெளியிட்டது. பத்தே கேள்வி, கடந்த 30 நாள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, மொத்தம் 10 முதல் 50 வரை. கட்டணம் கிடையாது. ஒரு எச்சரிக்கை: சில படிவங்களில் 'எல்லா நேரமும்' என்பதற்கு 1 என்று எண் போட்டிருக்கும், சிலவற்றில் 5. கையில் உள்ளது எந்தத் திசை என்று பார்க்காமல் கூட்டி, தலைகீழ் முடிவோடு வாய்மொழித் தேர்வுக்கு வந்தவளைப் பார்த்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் எஸ்.ஆர்.கியூ-20 இன்னொரு நல்ல தேர்வு. இருபதும் ஆம்/இல்லை கேள்விகள். வேகமாக முடியும். ஆனால் தலைவலி, பசியின்மை, செரிமானம், வயிற்றில் அசௌகரியம், சோர்வு என்று உடம்புக் கேள்விகள் அதில் நிறைய. மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிடும் ஒரு பெண்ணுக்கு வயிறு சரியில்லை என்றால் அது உளைச்சலா, பட்டினியா? நம் ஆட்கள் மனதின் வலியை உடம்பின் வழியாகத்தான் சொல்வார்கள் என்பதும் உண்மை, அதனால் இதை ஒரேயடியாக ஒதுக்கவும் மாட்டேன். அதன் 17-ஆவது கேள்வியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஜி.எச்.கியூ-12 காப்புரிமை உள்ளது, அனுமதியும் கட்டணமும் கேட்பார்கள். மாணவி பட்ஜெட்டுக்கு வேண்டாம். டாஸ்-21 இலவசம். மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் மூன்றையும் தனித்தனியாகத் தரும். ஆனால் கேட்பது கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. தவிர்ப்பை ஒரு மாதத்துக்கும் உளைச்சலை ஒரு வாரத்துக்கும் கேட்டுவிட்டு இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள். கால அளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

கே-10-இன் முதல் கேள்வியிலேயே ஒரு பொறி இருக்கிறது. 'தகுந்த காரணம் இல்லாமல் களைத்துப்போனதாக எத்தனை தடவை உணர்ந்தீர்கள்?' என்று கேட்கும். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது விதி. பக்கத்து நிலையம் காலியாக இருந்தால் அதற்கும் இன்சார்ஜ் இவர்தான். பிறகு நாங்கள் செய்த ஒரு ஆய்வின் முன்னோட்டத்தில் ஒரு அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காரணம் இல்லாமலா? காரணம்தான் இருக்கே சிஸ்டர்." சொல்லிவிட்டு 'ஒருபோதும் இல்லை' என்பதில் டிக் போட்டார். அவர் நேர்மையாகப் பதில் சொன்னார், மதிப்பெண்தான் தவறாக வந்தது. கேள்வியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 'வழக்கமான வேலைக் களைப்பைத் தாண்டி' என்ற விளக்கத்தை மேலே தலைக்குறிப்பாகக் கொடுத்து, அப்படிக் கொடுத்ததை ஆய்வறிக்கையிலும் எழுதினோம்.

தவிர்ப்புக்கு எது?

பிரீஃப் கோப். கஷ்டத்தைச் சமாளிக்கும் விதங்களைக் கேட்கும் அளவுகோல். அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் கார்வர் 1997-இல் வெளியிட்டது. 60 கேள்விகள் கொண்ட அதன் பெரிய வடிவத்தை நிரப்பப் பொறுமை இல்லாதவர்களுக்காக 28 கேள்வியாகச் சுருக்கினார். 14 உட்பிரிவு, ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி, பதில் 1 முதல் 4 வரை. பலர் செய்யும் வேலை, இதில் பாதியை 'நல்ல சமாளிப்பு', மீதியை 'கெட்ட சமாளிப்பு' என்று கூட்டிவிடுவது. கார்வர் அப்படி ஒட்டுமொத்த மதிப்பெண் எதுவும் வகுக்கவில்லை. ஒவ்வொரு உட்பிரிவையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் அவர் வழி.

தவிர்ப்பு என்று நான் எடுத்துக்கொள்வது நான்கு உட்பிரிவு: கவனத்தை வேறு பக்கம் திருப்புதல், மறுத்தல், போதைப் பொருள், முயற்சியைக் கைவிடுதல். மொத்தம் எட்டு கேள்வி. சிலர் இதோடு தன்னையே குறைகூறுவதையும் உணர்ச்சியைக் கொட்டுவதையும் சேர்ப்பார்கள். நான் சேர்க்க மாட்டேன். 'நடந்ததற்கெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்' என்று சொல்பவர் ஏற்கெனவே உளைச்சலில் இருப்பவர். அதைத் தவிர்ப்பில் போட்டுவிட்டு, தவிர்ப்பு கூடினால் உளைச்சலும் கூடுகிறது என்று கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது? ஒரே சாம்பாரை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, இரண்டும் ஒரே ருசி என்பது மாதிரி. ஏ.ஏ.கியூ-2 என்ற ஏழு கேள்வி அளவுகோல்மீதும் இதே புகார் உண்டு. மனதில் வருவதைத் தவிர்க்கும் போக்கை அளப்பதற்காக வந்த அது, உளைச்சலையே அளந்துவிடுகிறது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். சுருக்கமாக இருக்கிறதே என்று அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

அந்த நான்கிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவலி இருக்கிறது.

மறுத்தல் கேள்விகள் 'இது நிஜமில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்' என்கிற மாதிரி வரும். எது நிஜமில்லை? எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று சொல்லாவிட்டால் பதில் சொல்பவர் விழிப்பார். அதனால் மேலே ஒரு வாக்கியம் கட்டாயம் வேண்டும்: 'கடந்த 30 நாளில் வேலையில் உங்களை மிகவும் அழுத்திய ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம், எழுதவும் வேண்டாம். கீழே உள்ளவற்றை அதை வைத்தே நிரப்புங்கள்.' எழுதவும் வேண்டாம் என்று சேர்த்த பிறகுதான் பேனாக்கள் நகர ஆரம்பித்தன.

போதைப் பொருள் பிரிவில் மது அல்லது மற்ற 'டிரக்ஸ்' என்று வருகிறது. பெண் செவிலியர்கள் முகம் சுளித்து முதல் கட்டத்தில் டிக் போடுவார்கள், சுகாதார ஆய்வாளர்களான ஆண்கள் சிரித்துக்கொண்டே அதையே செய்வார்கள். ஆனால் மருந்தகத்தை ஒட்டி வேலை பார்ப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. "தூக்கம் வரலைன்னா ஒரு சி.பி.எம். போட்டுக்குவேன்" என்று சளி மாத்திரையைச் சொன்னவர்கள் உண்டு. 'போதைப் பொருள்' என்று மொழிபெயர்த்தால் இது பிடிபடாது. 'மருந்து' என்று மட்டும் போட்டால் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவரும் ஆம் என்பார். 'மனம் லேசாக மது, மாத்திரை போன்ற எதையாவது எடுத்துக்கொண்டேன்' என்று முடித்தோம். அப்படியும் பதில்கள் பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் நின்றன. அந்த இரண்டு கேள்வியைச் சேர்த்தும் நீக்கியும் இரண்டு முறை கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கைவிடுதலின் இரண்டு கேள்வியும் தமிழில் ஒன்றாகவே விழும். வித்தியாசப்படுத்த மெனக்கெட வேண்டும். கவனம் திருப்புதலில் டி.வி., தூக்கம், கடைக்குப் போவது எல்லாம் வரும். வீட்டுக்குப் போய் ஒரு சீரியல் பார்ப்பது தவிர்ப்பா, ஓய்வா என்று அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது. சாமி கும்பிடுவது கார்வரின் பட்டியலில் தனிப் பிரிவு. அதைத் தவிர்ப்போடு சேர்க்கச் சொல்லி ஒரு வழிகாட்டி சொன்னதாக ஒரு மாணவி வந்தாள். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான ஏ.என். கிளினிக் முடித்துவிட்டு மாரியம்மன் கோயில் வாசலில் பத்து நிமிடம் உட்காருவது எங்கள் பாதிப் பேருடைய வழக்கம். அதைத் தப்பியோடுவது என்று எழுத எனக்கு மனம் வராது.

தமிழாக்கும்போது

இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கி, உட்கார்ந்து பேசி ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத மூன்றாவது ஆள் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவது வழக்கமான முறை. செய்யுங்கள். ஆனால் அதைவிட உபயோகமானது, ஏழெட்டு பேரைத் தனியாக உட்கார வைத்து ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, "இதுக்கு என்ன அர்த்தம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்பது. 'மன அழுத்தம்' என்ற சொல்லைப் படிவத்தின் தலைப்பிலிருந்தே எடுத்துவிட்டோம். ஒருவருக்கு அது வேலைப்பளு, இன்னொருவருக்கு மனநோய், மூன்றாமவருக்குப் பி.பி. 'நம்பிக்கையற்று' என்று பாடப்புத்தகத் தமிழில் இருந்ததை 'இனி எதுவும் சரியாகாது என்று' என மாற்றினோம்.

பதில் கட்டங்களிலும் கவனம் வேண்டும். 'கொஞ்சம்', 'ஓரளவு' இரண்டுக்கும் நடுவே பலருக்கு வித்தியாசமே தெரியவில்லை. நான்கு டம்ளர் படம் வரைந்தோம்: காலி, கால், அரை, முழுசு. குழப்பம் போய்விட்டது.

எங்கே, எப்போது, யார்

நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பொது சுகாதாரத் துறையின் அனுமதியும் இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. அந்த அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வரி வாங்கிவிடுங்கள்: தனிநபர் பதில்களோ நிலையவாரியான மதிப்பெண்களோ அலுவலகத்துக்குத் தரப்படாது. இது இல்லாமல் போய், பிறகு மேலிடம் 'எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதிகம்?' என்று கேட்டால் உங்களால் மறுக்க முடியாது.

செவ்வாய், புதன் வேண்டாம். மாதக் கடைசி ரிப்போர்ட் நாட்களும் வேண்டாம். ரிவியூ அன்று வேண்டவே வேண்டாம், என் கதை தெரியுமே. அவர்கள் பயிற்சிக்காக வேறு ஊருக்கு வரும் நாள் நல்லது. மேலதிகாரி இல்லாத அறை, இடைவெளி விட்டு நாற்காலி, ஒட்டிய உறை, மூடிய பெட்டி. பெட்டியில் போடுவது அவர் கை, எடுப்பது உங்கள் கை, நடுவே யாரும் கிடையாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கும் என்பதால் அது வேறு பெட்டி.

பெயர் கேட்கவில்லை என்பதால் மட்டும் ரகசியம் காக்கப்பட்டதாக நினைக்காதீர்கள். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் ஒருவர், ஆய்வக நுட்பநர் ஒருவர். பணியும் வயதும் வட்டாரமும் எழுதினால் பெயர் எதற்கு? வயதைப் பத்து வருட இடைவெளியில் கேளுங்கள், நிலையத்தின் பெயரைக் கேட்காதீர்கள்.

17-ஆவது கேள்வி

உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று எஸ்.ஆர்.கியூ-20 அந்த இடத்தில் கேட்கிறது. மனச்சோர்வுக்கான பி.எச்.கியூ-9-இன் கடைசிக் கேள்வியும் அதை ஒட்டியதே. பெயரில்லாத படிவத்தில் ஒருவர் 'ஆம்' என்று போட்டுவிட்டுப் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ராத்திரி வீட்டில் உட்கார்ந்து உறையைப் பிரிக்கும்போது தெரியும், யாரென்று தெரியாது. இதற்கு விடை இல்லாமல் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. கேட்பதானால் நேர்காணலாக, உடனே பேசத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் முன்பே பேசி வைத்துவிட்டுக் கேளுங்கள். முடியாதென்றால் கே-10 போதும், அதில் இந்தக் கேள்வி கிடையாது. எதை எடுத்தாலும், எல்லோருக்கும், பதில் என்னவாக இருந்தாலும், மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, மாநில உதவி எண் 104 இரண்டும் அச்சடித்த ஒரு சீட்டைக் கையில் கொடுங்கள். உளைச்சல் இருப்பவருக்கு மட்டும் கொடுத்தால் அந்தச் சீட்டே காட்டிக்கொடுத்துவிடும்.

வராத படிவங்களையும் எண்ணுங்கள்

இதைத்தான் நான் ரொம்பத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். தவிர்க்கிறவர் உங்கள் படிவத்தையும் தவிர்ப்பார். "அப்புறம் தரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுத் தரமாட்டார். முதல் பக்கம் நிரப்பிவிட்டு இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே மாட்டார். சரியாக 'மறுத்தல்' கேள்வியை மட்டும் விட்டிருப்பார். நாம் 'முழுமையற்ற படிவங்கள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி எழுதிவிட்டு, யாரைத் தேடிப் போனோமோ அவர்களையே குப்பைக்கூடையில் போடுகிறோம். எத்தனை உறை கொடுத்தீர்கள், எத்தனை வந்தன, எந்தக் கேள்வி அதிகம் விடுபட்டது என்று அட்டவணை போடுங்கள். மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்தவற்றையும் தனியாக எண்ணுங்கள்.

படிவத்தின் பின்பக்கத்தில் ஒரு காலிக் கட்டம் விடுங்கள். 'நாங்கள் கேட்காமல் விட்டது ஏதாவது?' என்று மட்டும் மேலே இருக்கட்டும். முன்பக்கம் முழுக்க 'ஒருபோதும் இல்லை' போட்ட ஒருவர் பின்பக்கத்தில் பத்து வரி எழுதியிருந்தார்.

கணக்கு

எத்தனை பேர் வேண்டும்? நம் ஆய்வேடுகளில் எல்லோரும் போடும் 4பிக்யூ/டி² சூத்திரத்தில் (பி எதிர்பார்க்கும் சதவீதம், க்யூ நூறில் மீதி, டி பிழை) பி-க்கு 50 சதவீதமும் 10 சதவீதப் பிழையும் வைத்தால் 100 பேர், பிழையை 5 ஆகக் குறைத்தால் 400. ஒரே நிலையத்தில் வேலை பார்ப்பவர்கள் ஒரே அதிகாரியின் கீழ் இருப்பதால் பதில்களும் ஒத்துப்போகும், அதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க எல்லோரும் போடும் கிரான்பாக் ஆல்ஃபா, இரண்டு கேள்வி மட்டுமே உள்ள உட்பிரிவுக்குப் பெரிதாக எதுவும் சொல்லாது, அங்கே ஸ்பியர்மேன்-பிரவுன் கணக்கைப் போடுங்கள்.

கே-10-க்கு 16, 22, 30 என்று வெட்டுப்புள்ளி வைத்து குறைவு, மிதமானது, அதிகம், மிக அதிகம் என்று பிரிப்பார்கள். அவை ஆஸ்திரேலியாவில் புழங்குபவை. நம் செவிலியருக்கு அதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. மதிப்பெண்ணை மதிப்பெண்ணாகவே வைத்துக்கொண்டு, சராசரியும் பரவலும் காட்டினால் போதும். 'இத்தனை சதவீதம் பேருக்கு மனநோய்' என்று எழுதாதீர்கள். கே-10 நோயைக் கண்டறியும் பரிசோதனை இல்லை.

அப்புறம், ஒரே நாளில் இரண்டையும் கேட்டுவிட்டு, தவிர்ப்பதால்தான் உளைச்சல் வருகிறது என்று எழுதவும் கூடாது. உளைச்சல் இருப்பதால் தவிர்க்கலாம். இரண்டுக்கும் காரணம் மூன்று வருடமாகக் காலியாக இருக்கும் பக்கத்து நிலையமாக இருக்கலாம். இன்சார்ஜ் எத்தனை மாதம், எத்தனை மக்கள்தொகை என்ற இரண்டு கேள்வியைச் சேர்த்திருந்தால் அதையாவது பார்க்க முடியும். சேர்க்காத ஆய்வுகள் கடைசியில் 'செவிலியர்களுக்கு யோகா பயிற்சி அளிக்க வேண்டும்' என்று பரிந்துரைத்துவிட்டு முடியும்.

முடிவை முதலில் அவர்களிடம் கொண்டுபோங்கள். ஒரே பக்கம், தமிழில், எந்த நிலையத்தின் பெயரும் இல்லாமல். சுவரில் ஒட்டாமல் கையில் கொடுங்கள். நாங்கள் அப்படிக் கொடுத்த அன்று யாரும் எண்களைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு இளம் செவிலியர் மட்டும், அந்தத் தெருவைச் சுற்றிப் போகும் கேள்வியைக் காட்டி, "இதை வேற யாரெல்லாம் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். பெயர் எனக்குத் தெரியாது என்றேன். எண்ணிக்கையைச் சொன்னேன். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.